பெண்டிகோவில் ஒரு குடும்பச் சட்டத்தரணி: ஐந்து கதவுகளும் ஒரு பக்கக் கடிதமும்

அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் உள்ள பெண்டிகோ நகரில், கணவரைப் பிரிந்த என் தங்கைக்காகக் குடும்பச் சட்டத்தரணி ஒருவரைத் தேடி நான் எடுத்த முதலாவது தொலைபேசி அழைப்பு நான்கு நிமிடங்களுக்குள் முடிந்துபோனது. மறுமுனையில் பேசிய வரவேற்பாளர் மிகவும் பணிவானவர். பக்கத்தில் அமர்ந்திருந்த என் தங்கையின் முழுப்பெயர், பிறந்த திகதி, அவளுடைய கணவரின் முழுப்பெயர் ஆகியவற்றைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, சற்றுப் பொறுக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் பியானோ இசை ஒலித்தது. திரும்பி வந்தவர், "மன்னிக்க வேண்டும், இந்த விடயத்தில் எங்களால் உங்களுக்கு உதவ முடியாது" என்றார். ஏன் என்று கேட்டபோது, காரணத்தைச் சொல்லத் தங்களுக்கு அனுமதி இல்லை என்று அதே பணிவோடு சொன்னார். இரண்டாவது அலுவலகத்திலும் அதே மூன்று கேள்விகள், அதே பதில். எங்கள் பெயரைப் பார்த்து ஒதுக்குகிறார்களோ என்றுகூட ஒரு கணம் எண்ணினேன்; அது தவறான எண்ணம்.

நடந்தது என்னவென்றால், எங்கள் மச்சான் அந்த இரண்டு அலுவலகங்களுக்கும் ஏற்கெனவே போய்வந்திருந்தார். ஒரு சட்டத்தரணி கணவனிடம் அரை மணி நேரம் கதை கேட்டுவிட்டால், அவரிடம் கணவனின் இரகசியங்கள் இருக்கின்றன என்றாகிவிடுகிறது. அதன்பின் அவரோ அவருடைய அலுவலகத்தில் இருக்கும் வேறொருவரோ அந்த மனைவிக்காக எதிர்ப்பக்கத்தில் நிற்க முடியாது. மெல்பேர்னில் இந்த விதி யாருக்கும் பெரிதாக உறைப்பதில்லை, ஏனெனில் அங்கே ஒரு கதவு மூடினால் அதே தெருவில் இன்னும் பத்துக் கதவுகள் இருக்கும். மெல்பேர்னிலிருந்து 150 கிலோமீற்றர் தள்ளியிருக்கும், தங்கம் தோண்டிய காலத்தில் எழுந்த இந்த நகரத்தில், குடும்பச் சட்டத்தையே முழுநேர வேலையாகக் கொண்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நகரின் நல்ல அலுவலகங்கள் எல்லாவற்றுக்கும் வேண்டுமென்றே போய், மற்றவருக்கு ஆள் கிடைக்காமற் செய்துவிடுபவர்களும் உண்டென்று பின்னர் கேள்விப்பட்டேன். மச்சான் அப்படிச் செய்தவரல்லர். எவரும் செய்வதுபோல இரண்டு இடங்களில் விலை விசாரித்தார், அவ்வளவுதான். தவறு எங்களுடையது. தங்கையும் மச்சானும் 2024 ஓகஸ்டிலேயே பிரிந்துவிட்டார்கள், நாங்களோ 2025 பெப்ரவரி வரைக்கும் "பார்ப்போம், பார்ப்போம்" என்று தள்ளிப்போட்டோம். சிறிய நகரங்களில் சட்டத்தரணியைத் தெரிவுசெய்வதில் முதற்கேள்வி யார் கெட்டிக்காரர் என்பதல்ல, யார் இன்னும் உங்களுக்காக மிச்சமிருக்கிறார் என்பதே. அரச சட்ட உதவி அலுவலகத்துக்கும், லொடன் கம்பாஸ்பே சமூகச் சட்ட மையத்துக்கும்கூட நலன் முரண்பாடு பற்றிய இந்தச் சோதனை உண்டு.

நான் எந்த அலுவலகத்தின் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. குடும்ப வழக்கோடு தொடர்புபட்டவர்களை அடையாளம் காட்டும் விவரங்களை வெளியிடுவதை அவுஸ்திரேலியச் சட்டமே தடைசெய்கிறது என்பது ஒரு காரணம். இந்த ஊரில் சட்டத்தரணியின் பெயரைச் சொன்னாலே பாதிப்பேருக்கு என் தங்கை யாரென்று தெரிந்துவிடும் என்பது மற்றைய காரணம். ஆகையால் இது சேவையைப் பற்றிய மதிப்பீடு, விளம்பரம் அன்று.

இணையத்தில் வாடிக்கையாளர்கள் இடும் நட்சத்திரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும், ஏனெனில் நாங்களும் அங்கேதான் தொடங்கினோம். உணவகத்துக்குப் பொருந்தும் அளவுகோல் இங்கே பொருந்துவதில்லை. ஓர் அலுவலகத்துக்கு ஒற்றை நட்சத்திரம் கொடுத்துத் திட்டித் தீர்த்திருந்தவரின் எழுத்தை இரண்டாம் தடவை வாசித்தபோதுதான், அவர் அந்த அலுவலகத்தின் வாடிக்கையாளரே அல்லர், எதிர்த்தரப்பில் நின்றவர் என்பது புரிந்தது. சட்டத்தரணிக்கு அதற்குப் பதில் எழுதவும் வழியில்லை. எழுதினால் தன் வாடிக்கையாளரின் கதையை வெளியே சொன்னதாகிவிடும். ஐந்து நட்சத்திரக்காரர்கள் பெரும்பாலும் சண்டை சூடாக இருந்த வாரத்தில் எழுதியவர்கள்; செலவுக்கணக்கு வந்தபின் அவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை.

மூன்றாவது கதவு திறந்தது. நகர மத்தியில் கண்ணாடிச் சுவர்களோடு இருந்த பெரிய அலுவலகம். முதல் முப்பது நிமிடம் இலவசம். அந்த முப்பது நிமிடத்தில் இருபது நிமிடம் அவரே பேசினார். தங்கை சொல்ல வந்தது என்னவென்பதைக் கேட்பதற்கு முன்பே, எதிர்த்தரப்பை எப்படி மடக்குவது என்பதை வெள்ளைப்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்கத் தொடங்கிவிட்டார். எனக்கு அந்த நேரத்தில் அது பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அண்ணன்மாருக்கு அந்த மாதிரிப் பேச்சு இனிக்கும். முதற்கடிதம் ஒன்றை எழுதித்தர 660 டொலர் கட்டினோம். இரண்டு நாளில் வரைவு வந்தது, நான்கு பக்கம். மச்சானின் செலவுப் பழக்கம், அவருடைய தாயாரின் தலையீடு, ஒரு பிறந்தநாள் விருந்தில் நடந்த வாக்குவாதம் எல்லாம் அதில் இருந்தன; கடைசியில் ஏழு நாளுக்குள் பதில் வராவிட்டால் நீதிமன்றம் என்ற எச்சரிக்கை. தங்கை அதைச் சமையலறை மேசையில் வைத்து இரண்டு தரம் வாசித்தாள். "அண்ணா, இதைப் பார்த்தாரென்றால் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும்போது என் முகத்தைக்கூடப் பார்க்கமாட்டார். பிறகு இன்னும் பத்து வருசம் நாங்கள் இரண்டு பேரும் அந்த வாசலிலேதானே நிற்கவேண்டும்?" என்றாள். அந்தக் கடிதம் அனுப்பப்படவே இல்லை.

அந்தக் கடிதத்தின் பிழை அதன் சுடுசொற்களில் மாத்திரம் இல்லை. 1975ஆம் ஆண்டின் குடும்பச் சட்டம் 1976 ஜனவரி 5ஆம் திகதி நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து, இந்த நாட்டில் மணமுறிவுக்கு யார் குற்றவாளி என்று நீதிமன்றம் கேட்பதில்லை. பன்னிரண்டு மாதம் பிரிந்திருந்தார்களா, மீண்டும் சேர வாய்ப்பு இல்லையா என்பதையே அது பார்க்கிறது. விருந்துச் சண்டையை எழுதிய பந்திகளுக்கு நாங்கள் கொடுத்த காசு வீண் காசு. அதைவிட என்னைத் திடுக்கிடவைத்தது அந்த அலுவலகத்தின் இணையப் பக்கம். பெற்றோர் இருவருக்கும் சம பொறுப்பு என்ற சட்ட ஊகம் 2024 மே 6ஆம் திகதியோடு நீக்கப்பட்டுவிட்டது. பிள்ளையின் பாதுகாப்பு, பிள்ளை சொல்லும் கருத்து, அதன் வளர்ச்சித் தேவைகள் என்று சுருக்கமான சில விடயங்களையே இப்போது நீதிமன்றம் கருத்தில் எடுக்கிறது. ஒன்பது மாதம் கழிந்தபின்னும் அவர்களுடைய பக்கம் பழைய சட்டத்தையே விளக்கிக்கொண்டிருந்தது. சட்டத்தரணியைத் தெரிவுசெய்யும் எவரும் காசில்லாமலே செய்யக்கூடிய சோதனை இது.

செலவு எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்கு, குடும்ப வழக்கில் அதைக் கணிக்க முடியாது என்றும், இப்போதைக்கு, வாடிக்கையாளரின் முற்பணத்தை வைத்திருக்கும் ட்ரஸ்ட் கணக்கில் 10,000 டொலர் போடுமாறும் அவர் சொன்னார். விக்டோரியாவில் 2015 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள சட்டத் தொழில் விதிகளின்படி, கட்டணம் 750 டொலரைத் தாண்டும் என்றால் மொத்தச் செலவின் மதிப்பீட்டையும் அது எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதையும் எழுத்தில் கொடுத்தே ஆகவேண்டும். மதிப்பீடு பின்னர் மாறலாம், மாறினால் அதையும் அறிவிக்கவேண்டும். ஆனால் மதிப்பீடே இல்லை என்று சொல்ல முடியாது. அது எனக்கு அப்போது தெரிந்திருக்கவில்லை. தெரிந்திருந்தால் 660 டொலர் மிஞ்சியிருக்கும்.

நான்காவது கதவு மெல்பேர்னில் இருந்தது. எங்கள் ஊர்க்காரர்களின் வாட்ஸப் குழுவில் ஒருவர் தமிழ் பேசும் சட்டத்தரணி ஒருவரின் இலக்கத்தைத் தந்தார். நல்ல மனிதர், தொலைபேசியில் பேசியபோதே சீதனம், இனாம், அம்மாவின் பெயரில் வாங்கிய காணி என்ற சொற்களை விளக்கவேண்டிய தேவை இல்லாமலிருந்தது பெரிய ஆறுதல். பெண்டிகோவிலிருந்து சதர்ன் குரொஸ் நிலையத்துக்கு ரயிலில் இரண்டு மணித்தியாலம்; 2023இல் மாநிலம் முழுவதற்கும் கட்டணத்தை நகரக் கட்டணத்தோடு சமப்படுத்தியதால் போக்குவரத்துச் செலவு ஒரு பொருட்டே அல்ல. நீதிமன்ற அமர்வுகளில் ஒரு பகுதி காணொளி வழியாகவே நடக்கிறது என்பதால் தூரமும் முன்போலத் தடையில்லை. ஆனாலும் தங்கை தயங்கினாள். கதை கோயிலுக்குப் போய்விடும் என்று பயந்தாள். சட்டத்தரணி ஒருவர் வாடிக்கையாளரின் விடயத்தை வெளியே பேசினால் அவருடைய தொழிலே போய்விடும் என்பதால் அந்தப் பயம் அவருக்குச் செய்யும் அநியாயம் என்று நான் வாதாடினேன். ஆனால் அவளுடைய பயம் அவர்மீது அல்ல, அவருடைய காத்திருப்பறையில் யாரைச் சந்திக்க நேருமோ என்பதிலேயே இருந்தது. வேலையில் நாள் முழுவதும் ஆங்கிலத்தில் பேசும் அவளுக்கு மொழி அவ்வளவு முக்கியமாக இருக்கவில்லை. அம்மாவைப்போல ஆங்கிலம் தெரியாத ஒருவருக்கு இது முற்றிலும் வேறு கணக்கு. அவர்களுக்கு நான் தமிழ்ச் சட்டத்தரணியையே சொல்வேன், அல்லது 131 450 என்ற இலக்கத்தில் கிடைக்கும் மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே ஒழுங்குசெய்யும் அலுவலகத்தை. ஒருபோதும் பிள்ளைகளையோ மைத்துனரையோ மொழிபெயர்க்க வைக்கக்கூடாது.

ஐந்தாவது கதவு ஒரு பழைய மர வீட்டினுடையது. முன்னறையில் வரவேற்பு, பின்னறையில் சட்டத்தரணி, நடுவில் எங்கும் அடுக்கிய கோப்புகள். விக்டோரியச் சட்ட நிறுவகம் குடும்பச் சட்டத்தில் சிறப்புத் தகுதி வழங்கியவர்களின் பட்டியலில் அவருடைய பெயர் இருந்தது. குறைந்தது ஐந்து ஆண்டு தொழில் செய்து, பரீட்சை எழுதித் தேறினால்தான் அந்தத் தகுதி கிடைக்கும். தகுதி இல்லாதவர்கள் எல்லோரும் குறைந்தவர்கள் என்பதல்ல, ஆனால் முன்பின் தெரியாத ஊரில் அது ஒரு பிடிமானம். முதற்சந்திப்புக்கு 330 டொலர், ஒரு மணித்தியாலம். இலவசம் அல்ல என்பது எனக்கு முதலில் உறுத்தியது. அந்த ஒரு மணித்தியாலத்தைப்போல் பயனான ஒன்றுக்கு நான் அதற்கு முன் 330 டொலர் கொடுத்ததில்லை என்று இப்போது சொல்வேன்.

என்னை வெளியே இருக்கச் சொன்னார். அண்ணன் பக்கத்தில் இருக்கும்போது சொல்ல முடியாதது ஏதும் உண்டா என்று கேட்பதற்காகவே பத்து நிமிடம் தங்கையோடு தனியாகப் பேசினார் என்பது பின்னர்தான் தெரியும். வீட்டில் பயம் உண்டா, அடி உண்டா, காசைப் பிடுங்கி வைத்திருக்கிறாரா, கைத்தொலைபேசியைப் பார்க்கிறாரா என்பன அவருடைய முதற்கேள்விகள். அதன்பின்தான் என்னை உள்ளே கூப்பிட்டார். மஞ்சள் நிறக் கோடிட்ட தாள் ஒன்றை எடுத்து, குறுக்காக ஒரு கோடு கிழித்து, இடது முனையில் பிரிந்த திகதியை எழுதினார். பன்னிரண்டு மாதம் தள்ளி ஒரு புள்ளி: அன்றிலிருந்து மணமுறிவுக்கு விண்ணப்பிக்கலாம். கட்டளை கிடைத்து ஒரு மாதமும் ஒரு நாளும் கழிந்ததும் அது செல்லுபடியாகும். அதிலிருந்து இன்னும் பன்னிரண்டு மாதம் தள்ளி ஒரு தடித்த புள்ளி போட்டு, அதைச் சுற்றி வட்டமும் இட்டார். சொத்துப் பிரிப்புக்கு நீதிமன்றம் போவதானால் அந்தப் புள்ளிக்கு முன் போய்விடவேண்டும். தவறினால் தனியாக அனுமதி கேட்டு நிற்கவேண்டும். திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்குப் பிரிந்த நாளிலிருந்து இரண்டு வருடம் என்றும் ஓரத்தில் எழுதினார், எங்களுக்கு அது தேவையில்லாவிட்டாலும். அந்தத் தாள் இன்னும் தங்கையின் குளிர்சாதனப் பெட்டியின் பக்கவாட்டில் காந்தத்தில் தொங்குகிறது.

அடுத்ததாக அவர் சொன்னதுதான் எங்களை அங்கேயே இருத்தியது. மணமுறிவு விண்ணப்பத்தை நீதிமன்றத்தின் இணைய வாசலில் இருவரும் சேர்ந்து தாங்களாகவே நிரப்பலாம், "இதற்கு எனக்குக் காசு தராதீர்கள்" என்றார். நீதிமன்றக் கட்டணமே 1,100 டொலருக்குச் சற்று மேல் வருகிறது. ஒவ்வொரு ஜூலையும் கூடுகிறது. சலுகை அட்டை உள்ளவர்களுக்கு ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு. அதற்குமேல் சட்டத்தரணிக்கும் ஆயிரம் கொடுப்பது இருவரும் ஒத்துழைக்கும்போது தேவையில்லாதது. பிள்ளைகள் விடயத்தையும் நேரே கடிதப்போரில் தொடங்கவேண்டாம், முதலில் குடும்ப உறவு மையத்தில் மத்தியஸ்தத்துக்குப் போங்கள் என்றார். பயமோ வன்முறையோ அவசரமோ இல்லாதவரை, மத்தியஸ்தம் முயன்றதற்கான சான்றிதழ் இல்லாமல் பிள்ளைகள் தொடர்பாக நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கவே முடியாது. சம்மதத்தோடு முடிந்தால் அந்தச் சான்றிதழும் தேவையில்லை. ஆக அவர் தனக்கென்று எடுத்துக்கொண்ட வேலை, வீடு, ஓய்வூதியச் சேமிப்பு, ஊர்ச்சொத்து ஆகியவற்றைக் கணக்கெடுத்து, இருவரும் ஒத்துக்கொண்டதை நீதிமன்றம் அங்கீகரிக்கும் சம்மதக் கட்டளையாக வரைவது மட்டுமே. செலவுக் கடிதம் மறுநாளே வந்தது: 6,000 முதல் 8,000 டொலர் வரை, எந்த வேலைக்கு எவ்வளவு, எது அதில் அடங்காது என்று இரண்டு பக்கத்தில்.

மச்சானின் சட்டத்தரணிக்கு அவர் எழுதிய கடிதம் ஒரே பக்கம். பிரிந்த திகதி, பிள்ளைகள் இப்போது எந்தெந்த நாளில் எங்கே இருக்கிறார்கள், பரிமாறவேண்டிய ஆவணங்கள், மத்தியஸ்தத்துக்கு வசதியான மூன்று நாட்கள். அடைமொழி ஒன்றுகூட இல்லை. மச்சான் பத்து நாளில் பதில் அனுப்பினார்.

சொத்து விடயத்தில் எங்கள் சமூகத்தில் "பாதி பாதி" என்ற ஒரு நம்பிக்கை உறுதியாக ஊன்றியிருக்கிறது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். சட்டத்தில் அப்படி ஒரு தொடக்கப்புள்ளி இல்லை. என்ன சொத்து, என்ன கடன் என்று முதலில் பட்டியலிடுகிறார்கள். யார் எதைக் கொண்டுவந்தார், யார் உழைத்தார், யார் வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்தார் என்பதை எடைபோடுகிறார்கள். இனி யாருக்கு என்ன தேவை என்பதைப் பார்க்கிறார்கள். கடைசியில் முடிவு நீதியானதா என்று கேட்கிறார்கள். நாங்கள் பாதிவழியில் இருந்தபோது, 2025 ஜூன் 10ஆம் திகதி, இந்த முறை சட்டத்திலேயே எழுதப்பட்டது. குடும்ப வன்முறையால் ஒருவருக்கு ஏற்பட்ட பொருளாதாரப் பாதிப்பையும் கணக்கிலெடுக்கவேண்டும் என்பதும் அன்றிலிருந்து சட்டம். அந்த வாரமே சட்டத்தரணியிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது: எங்கள் விடயத்தில் இதனால் என்ன மாறுகிறது, என்ன மாறவில்லை என்று ஐந்து வரி. அதற்குக் கட்டணம் போட்டிருக்கவில்லை.

அவர் தடுமாறிய இடம் யாழ்ப்பாணம். கொக்குவிலில் தங்கைக்குச் சீதனமாக எழுதிய காணி ஒன்று இருக்கிறது. வெளிநாட்டுச் சொத்தும் இங்கே கணக்கில் வரும் என்பதால் அதை மறைக்க முடியாது, மறைக்கவும் நாங்கள் எண்ணவில்லை. ஆனால் யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட பெண் தன் சீதனக் காணியைக்கூடக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது என்பதை நான் சொன்னபோது, அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "திரும்பச் சொல்லுங்கள்" என்றார். 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், முதுசக் கட்டளைச்சட்டம் பற்றிப் பெண்டிகோவில் இருக்கும் ஒருவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தெரிந்ததுபோல நடிக்காததுதான் எனக்குப் பிடித்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு சட்டத்தரணியிடம் இரண்டு கேள்விகளுக்கு மட்டும் எழுத்தில் பதில் பெற்றுவரச் சொன்னார். கேள்விகளை அவரே எழுதித்தந்தார். கடைசியில், மச்சான் அந்தச் சம்மதத்தைத் தருவார் என்ற நிபந்தனை, இங்குள்ள வீட்டுக்கடன் தொடர்பான நிபந்தனைக்கு அடுத்த வரியிலேயே இடம்பெற்றது.

நகையிலும் அப்படியே. முப்பது பவுன் என்று தங்கை எழுதியதைப் பார்த்து, பவுன் என்றால் பிரித்தானியப் பணமா என்று கேட்டார். எட்டுக் கிராம் என்று விளங்கப்படுத்தியதும், எல்லாவற்றையும் நிறுத்துப் படமெடுத்து, கடையில் விற்றால் கிடைக்கும் விலையைக் குறிக்கச் சொன்னார். கூலியும் சேதாரமும் கணக்கில் வராது. தாலிக்கொடியை என்ன செய்வது என்று தங்கை கேட்டபோது மாத்திரம் அவர் உடனே பதில் சொல்லவில்லை. அதைப் பட்டியலில் எழுதுங்கள், அதற்கு நேரே விலை எழுதாதீர்கள், அவர் கேட்டால் பார்ப்போம் என்றார். மச்சான் கேட்கவில்லை.

பிள்ளைகளை டிசம்பரில் ஊருக்குக் கூட்டிப்போக விரும்பியதையும் அவர் முதற்சந்திப்பிலேயே கேட்டறிந்திருந்தார். பிள்ளைகளின் கடவுச்சீட்டுக்கு இரு பெற்றோரின் கையெழுத்தும் வேண்டும். பிள்ளைகள் பற்றிய கட்டளை ஒன்று இருக்கும்போது மற்றவரின் எழுத்துமூலச் சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ இல்லாமல் நாட்டைவிட்டுக் கூட்டிப்போவது குற்றம். இலங்கை, வேறு நாட்டுக்குக் கடத்தப்பட்ட பிள்ளையைத் திருப்பி அனுப்ப வழிசெய்யும் ஹேக் உடன்படிக்கையில் 2001இல் இணைந்த நாடு, இந்தியா இணையவில்லை. எதிர்த்தரப்பின் பயத்தைக் குறைக்க இந்த வேறுபாடே உதவும் என்று சொல்லி, போகும் திகதி, திரும்பும் திகதி, பயணச்சீட்டின் நகல், தங்கும் முகவரி ஆகியவற்றை ஆறு வாரத்துக்கு முன் கொடுக்கவேண்டும் என்ற பந்தியை வரைந்தார். பயணம் எந்தச் சண்டையும் இல்லாமல் நடந்தது.

குறைகளையும் சொல்லவேண்டும். மின்னஞ்சலுக்குப் பதில் வர மூன்று நான்கு நாள் ஆகும். ஒரு தடவை ஒன்பது நாள் ஆனது. ஓய்வூதியச் சேமிப்பைப் பிரிப்பதற்கு நிதியத்திடமிருந்து பெறவேண்டிய தகவல் படிவத்தை உதவியாளர் பிழையாக நிரப்பி, மூன்று வாரம் வீணானது. திருத்திய வேலைக்கும் கட்டணம் போட்டிருந்தார்கள். அதை நாங்கள் சுட்டிக்காட்டியபின் நீக்கினார்கள், மன்னிப்பும் கேட்டார்கள், ஆனால் நாங்கள் விவரக்கணக்கு கேட்டிராவிட்டால் அது தெரிந்தே இராது. மொத்தத் தொகை மட்டும் போட்ட கணக்கு வந்தால், முப்பது நாளுக்குள் ஒவ்வொரு வேலையையும் பிரித்துக் காட்டும் கணக்கைக் கேட்கும் உரிமை உண்டு, கேட்பதற்குக் கூச்சப்படவேண்டியதில்லை.

அந்த விவரக்கணக்கு ஒரு பாடநூல். மணிக்கு 440 டொலர், ஆனால் நேரம் ஆறு நிமிட அலகுகளாக அளக்கப்படுகிறது. ஓர் அலகு 44 டொலர். மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு தங்கைக்கு நித்திரை வராமல் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறாள். "மின்னஞ்சல் வாசித்தல், 1 அலகு" என்ற வரி மூன்று தரம், ஒன்றன் கீழ் ஒன்றாக. மூன்றாவது மின்னஞ்சலில் இருந்தது, "முந்தையதைப் பொருட்படுத்த வேண்டாம்" என்ற ஒரே வசனம். 132 டொலர். அடுத்த நாள் சட்டத்தரணியே அழைத்து, தோன்றுவதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதிவைத்து வெள்ளிக்கிழமைகளில் ஒரே மின்னஞ்சலாக அனுப்புங்கள் என்றார். அதன்பின் தங்கை அப்படியே செய்தாள். பாதிக்கு மேற்பட்ட கேள்விகள் வெள்ளிக்கிழமை வருவதற்குள் தாமாகவே தீர்ந்துவிட்டன. கடைசியில் வரியோடு சேர்த்து 7,350 டொலர். மதிப்பீட்டுக்குள் நின்றது.

எங்கள் விடயத்தில் பயம் இருக்கவில்லை. பயம் உள்ளவர்களுக்கு இந்த ஒழுங்கு பொருந்தாது; அவர்கள் விலை விசாரித்துக்கொண்டு அலையவேண்டியதில்லை. பெண்டிகோவில் குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உதவும் ஒரேஞ் டோர் சேவை இருக்கிறது, பாதுகாப்புக் கட்டளைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றம் இருக்கிறது, வருமானம் குறைந்தவர்களுக்கு அரச சட்ட உதவியும் சமூகச் சட்ட மையமும் மொழிபெயர்ப்பாளரோடு இலவசமாகவே ஆலோசனை தருகின்றன. சீதனம் கேட்டுத் துன்புறுத்துவதும் குடும்ப வன்முறைதான் என்பதை விக்டோரியச் சட்டம் பெயர் சொல்லியே ஏற்றிருக்கிறது. அந்த நிலையில் உள்ள ஒருவர் தனியார் சட்டத்தரணியிடம் போனால், பாதுகாப்புக் கட்டளை நீதிமன்றத்திலும் குடும்ப நீதிமன்றத்திலும் அவரே நிற்பாரா, இல்லை இரண்டுக்கும் இரண்டு பேரா என்று முதலிலேயே கேட்டுவிடவேண்டும். விடயம் விசாரணை வரை போகும் என்று தோன்றினால் இன்னொரு கேள்வியும் உண்டு: நீதிபதி வருடத்தில் சில வாரங்கள் மாத்திரமே பெண்டிகோவுக்கு வருவதால், மெல்பேர்ன் அமர்வுகளுக்கு யார் போவார், பயண நேரத்துக்கும் கட்டணம் உண்டா?

எங்கள் சம்மதக் கட்டளையை நீதிமன்றம் தாள்களை மட்டும் பார்த்தே அங்கீகரித்தது. யாரும் நீதிமன்றப் படியேறவில்லை. சேவைக்கு ஐந்தில் நான்கு கொடுப்பேன். ஒன்றைக் குறைத்தது அந்த ஒன்பது நாளுக்கும் படிவத்துக்கும்.

கடைசிச் சந்திப்பில் அவர் கோப்பை மூடும் முன் தங்கையின் உயிலைப் பற்றிக் கேட்டார். பிரிந்திருப்பதால் மட்டும் பழைய உயிலில் கணவருக்கு எழுதியது நீங்காது, மணமுறிவுக் கட்டளை வரும் வரை அது அப்படியே நிற்கும், ஓய்வூதியச் சேமிப்பில் குறித்த பெயரையும் தனியாக மாற்றவேண்டும் என்றார். உயில் தான் எழுதுவதில்லை என்று சொல்லி, அதைத் திறமாகச் செய்யும் ஓர் அலுவலகத்தின் பெயரைத் தாளில் எழுதி நீட்டினார். பெப்ரவரியில் பியானோ இசை கேட்ட அதே அலுவலகம். தங்கை அதைச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டுத் தாளை வாங்கி, அந்தப் பெயரை வெட்டி, கீழே வேறொன்றை எழுதினார். அது நாற்பது கிலோமீற்றர் தெற்கே காசில்மெய்னில் இருக்கிறது. அடுத்த வியாழக்கிழமை ரயிலில் போகிறோம்.